பந்தம் பிடிப்பவள்

பதினொரு மாதம் யாரும் கேட்டு வரவில்லை.
பற்றுச்சீட்டு நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு,
கறுப்பு மடிக்கணினி, விசிறி கோளாறு,
முற்பணம் ஐந்நூறு.
திருத்திவிட்டுச் சோதிக்கத்தான் திறந்தேன்.
அப்படித்தான் முதலாளியிடம் சொன்னேன்.

உள்ளே ஒரு பாதாளம்.
மூன்றாம் தளத்தில் நாலு பேர் நின்றது நின்றபடி:
கோடரிக்காரன், வில்லாளி, காயம் ஆற்றும் துறவி,
சண்டை தெரியாத ஒருத்தி.
அவள் கையில் பந்தம், முதுகில் சோற்று மூட்டை.

பம்பலப்பிட்டியில் கடைகள் அடங்கும் நேரம்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆளுக்கு ஒருவராய்ப் பிரித்துக்கொண்டோம்.
கதவுகள் ஒரு நாள் இருந்த இடத்தில்
மறுநாள் இருக்காது.
செத்தவர் செத்தவர்தான்.

"எண்பத்தைந்து வீதம் படும் எண்டு போட்டிருக்கு,
மூண்டு தரமும் படேல்ல.
மீட்டர் போடாத ஓட்டோ மச்சான் இது"
என்றான் இர்ஃபாத், கணக்கியல் சோதனையை
இரண்டு தரம் எழுதினவன்.
"பதினைஞ்சு படாது எண்டும்தான் அதுக்கு அர்த்தம்"
காசுப் பெட்டியை எண்ணியபடி லோஜினி.

பார்சல் ஓடும் மிலானுக்கு எல்லாமே பிடித்திருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்வான்,
சிங்களம் கலந்த தமிழில்:
"பாதை மாறிப் போனா
இங்க யாரும் சம்பளம் வெட்டுறதில்ல."

பெரிய சண்டை அவளைப் பற்றித்தான்.
நாலாவது இடத்தில் ஒரு வாள்காரனைப் போடலாமே,
பந்தம் பிடிக்க ஓர் ஆளா,
அதற்கு எங்கள் ஒஃபிசில் வரிசையில் நிற்கிறார்கள்
என்று இர்ஃபாத் சிரித்தான்.
"இருட்டில உன்ர வாள்காரன்
ஆற்ற கழுத்த வெட்டுவான்?"
லோஜினி எண்ணின காசை மறந்து
முதலிலிருந்து எண்ணினாள்.
என்னை யாரும் கேட்கவில்லை.
மவுஸ் என் கையில் இருந்ததால்
அவள் எனக்கு மிஞ்சியவள்.

ஐந்தில் வில்லாளி போனான்.
தெஹிவளைக்கு ஒரு பிரியாணி ஆறிக்கொண்டிருக்க
மிலான் அவனுக்காக ஒரு நிமிடம் நின்றான்.
ஏழில் துறவி, மற்றவர் நஞ்சையெல்லாம் இறக்கிவிட்டுத்
தன் நஞ்சுக்கு ஒன்றும் மிச்சமில்லாமல்.
லோஜினி இரண்டு நாள்
விளையாட்டை உருவாக்கியவனின் தாயைத் திட்டினாள்.
ஒன்பதாம் தளத்துப் படிக்கட்டில் கோடரிக்காரன்.
அன்று இர்ஃபாத் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டான்.

பிறகு கரண்ட் போனது.
பழைய பற்றரி, இன்னும் சில நிமிடம்.
திரையில் அவள் மட்டும்.
பந்தத்தில் நாற்பது அடிக்கு எண்ணெய்.
மூடிவைத்தோம்,
நாலு பேரும் இல்லாமல் திறப்பதில்லை என்று.

மூன்று நாள் ஆளுக்கொரு கொள்கையோடு வந்தார்கள்.
பந்தத்தை அணைத்துவிட்டுத் தடவி நட,
சோற்றை எறிந்து நாய்களைத் திருப்பு,
ஒரே இடத்தில் நில்.
"நிண்டால் பசி கூடும்."
"நடந்தால் எண்ணெய் குறையும்."
அடிக்கத் தெரியாதவளைப் பற்றி
இவ்வளவு கதைத்ததே இல்லை.

நாலாம் நாள் ஒருவர் வந்தார்.
கொட்டாஞ்சேனை, பெயர் செல்டன்,
டோஹாவில் ஒப்பந்தம் முடிந்து வந்திருக்கிறார்.
கசங்கின பற்றுச்சீட்டு, நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
கண்ணாடி மேசையில் வைத்தே திறந்தார்.

"என்ட ஆக்கள் எங்க?"

லோஜினிக்கு உடனே எங்கோ வேலை வந்தது.
நான் விசிறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.
அவர் கேட்கவில்லை. மூலையில் இருந்த
தள எண்ணைப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
"ஒன்பதா? நான் நாலைக் கண்டதே இல்ல."
ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தார்.
"இவளை நாலாம் தளத்தில
கழற்றி விடுவம் எண்டிருந்தன்."

இர்ஃபாத் வேறு பக்கம் பார்த்தான்.
மிலான் ஷட்டரைப் பாதி இறக்கினான்.
நான் பில் எழுதினேன்: விசிறி இவ்வளவு,
முற்பணம் கழித்து இவ்வளவு,
கூலி என்ற இடத்தில் பேனை நின்றது.

"இடப்பக்கம்" என்றார் செல்டன்.
"ஐயோ வலது!" என்றோம் நால்வரும்,
முதன்முறையாக ஒரே கருத்தில்.
கணினி அவருடையது.
இடப்பக்கம் ஓர் அடி வைத்தார்.

முப்பத்தொன்பது.